பரம் வீர் சக்கரமும் ஒரு கொப்பி ஒற்றையும்

1988இல் ஆறாம் வகுப்பில் இருந்தவர்களே, இது உங்களுக்காகத்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற வயது உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு வந்துவிட்டது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் திகதிப் பைத்தியமும் தெரியும். எந்த மாரிக்கு எங்கள் கிணறு கட்டு முட்டியது, எந்தக் கிழமை எங்கள் ஒழுங்கைக்குக் கடைசியாக மின்சாரம் வந்து போனது என்று கேட்டால் கொப்பியைத் திறந்து சொல்வேன். 1995இல் ஊரை விட்டு நடந்தபோதுகூட இரண்டு சட்டையைக் குறைத்துக்கொண்டு கொப்பிகளைத்தான் சுமந்தேன். ஆனால் 1988 ஆடி மாதத்துக்கு என்னிடம் திகதியே இல்லை. அந்த மாதம் இருந்த கொப்பியை அம்மா எரித்துவிட்டார். ஆகவே இங்கே நான் சொல்லப்போவதற்கு ஆடிப்பிறப்பு ஒன்றுதான் அடையாளக் கல். மற்றதெல்லாம் அதற்கு முன், அதற்குப் பின்.

அது நீல ரெக்சின் மட்டை போட்ட தடித்த கொப்பி. முன்பக்கத்தில் இருந்து நாட்குறிப்பு. பின்பக்கத்தில் இருந்து பொது அறிவு. இரண்டும் நடுவில் சந்திக்கும்போது புதுக்கொப்பி வாங்கித் தருவதாக ஐயா சொல்லியிருந்தார். அந்த வருடம் எங்கள் ஊர் வாசிகசாலையில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான பொது அறிவுப் போட்டி வைப்பதாக இருந்தது. கேள்வி கேட்கப்போகிறவர் எங்கள் ரியூசன் மாஸ்ரர். அவருக்கு "அதியுயர்" என்ற சொல்லில் ஒரு பிரியம். அதியுயர் மலை, அதியுயர் நீர்வீழ்ச்சி, அதியுயர் கட்டடம். ஒருநாள் வகுப்பில், "ஒரு நாட்டின்ரை அதியுயர் வீர விருது எது எண்டு தெரியாதவன் அந்த நாட்டைப் பற்றிக் கதைக்கக் கூடாது" என்று சொன்னார். அதுபோதும் எனக்கு. வாசிகசாலை அலுமாரியில் இருந்த, கறையான் ஓரம் தின்ற பழைய கலைக்களஞ்சியத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன்.

பிரித்தானியாவுக்கு விக்டோரியா சிலுவை. பிடித்த பீரங்கிகளை உருக்கிய உலோகத்தில் செய்வார்களாம். இந்தியாவுக்குப் பரம் வீர் சக்கரம். அதுவும் வெண்கலம், நாடா ஊதா நிறம். என்னிடம் ஊதாப் பென்சில் இல்லை. நீலத்தைத் தேய்த்து அதன்மேல் சிவப்பைத் தேய்த்தேன். எச்சில் தொட்டுப் பார்த்ததில் தாள் பொத்தலாகிவிட்டது.

"தங்கமில்லையோ?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"இல்லை. வெண்கலம்."

"எங்கடை கோயில் மணி செய்யிற சாமானோ? அதுக்கோ உயிரைக் குடுக்கிறாங்கள்?"

இடப்பக்கத்தில் தலைப்பும் படமும். வலப்பக்கத்தில் அதைப் பெற்ற பதினைந்து பேரின் பட்டியல். களஞ்சியம் பழையது, 1971க்குப் பிறகு ஒன்றும் இல்லை. கொப்பியில் இடம் மிச்சம் பிடிக்க, ஒவ்வொருவருக்கும் பதவியின் முதலெழுத்து, பெயரின் முதலெழுத்து, மாதம், வருடம், இவ்வளவுதான். இறந்த பிறகு விருது பெற்றவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். இந்த நட்சத்திர விசயத்தில் ஏழாமவர் என்னைப் பாடாய்ப் படுத்தினார். அவர் சண்டையில் இறந்துவிட்டார் என்று நினைத்து விருதை அறிவித்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் மனிதர் பிடிபட்டுச் சிறையில் இருந்திருக்கிறார். உயிரோடு திரும்பி வந்துவிட்டார். நான் முதலில் போட்ட நட்சத்திரத்தைப் பேனையால் கிறுக்கி அழிக்க வேண்டியதாயிற்று. ஒப்புவிக்கும்போதும் பழக்க தோசத்தில் ஏழாமவரைச் சாகடித்துவிடுவேன்.

ஒப்புவிப்பது அண்ணையிடம். அண்ணைக்குப் பதினெட்டு வயது. உயர்தரச் சோதனை எழுதிவிட்டு, மறுமொழி வரும் என்று காத்திருந்தார். காத்திருந்தார் என்றால் தோட்டத்துக்கு இறைத்தார், அம்மாவுக்குத் தேங்காய் உரித்தார், என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போனார். அவருக்கு ஒரு வருடமும் நினைவில் நிற்காது. சொந்தப் பிறந்த வருடத்துக்கே அடையாள அட்டையைப் பார்ப்பார். அவரிடம் பொன்னிற மூடி போட்ட ஒரு சீனப் பேனை இருந்தது. அதில் எனக்கு ஒரு கண்.

"மூண்டு தரம் பிழையில்லாமல் சொன்னியெண்டால் பேனை உனக்கு," என்றார் ஒருநாள்.

"சத்தியமா?"

"சாமியைக் கேட்டுப் பார்."

கொப்பி பெரிது, சந்தைக்குக் கொண்டுபோக ஏலாது. ஆகவே பட்டியல் இருந்த வலப்பக்க ஒற்றையை மட்டும் மெதுவாகக் கிழித்து எடுத்து நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில், பேனைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கிழித்ததற்காக நான் ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்தேன். தலைப்பும் படமும் கொப்பியில் தங்கிவிட்டன. ஒற்றையில் மிஞ்சியது எழுத்துகளும் எண்களும் நட்சத்திரங்களும்தான். அண்ணை தன் பங்குக்கு, நான் சரியாகச் சொன்ன வரிகளுக்குச் சரியும் பிழைத்த வரிகளுக்குப் புள்ளடியும் போட்டார்.

அந்தச் சைக்கிளின் முன்சில்லுக்குத் தடை பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். வெங்காயத்தின் பச்சை மணமும் கருவாட்டு மணமும் ஒன்றாக வரத் தொடங்கினால் சந்தை கிட்டிவிட்டது என்று அர்த்தம். அதற்குள் என் தலைக்கு மேலிருந்து அண்ணையின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு:

"மூண்டு?... பதினொண்டு?... ஏழு?"

"ஏழு... ஒக்ரோபர், அறுபத்திரண்டு, செத்தவர்."

"மனுசன் வீட்டை வந்து சோறு தின்னுறான், நீ உன்ரை பாட்டிலை கொள்ளி வைக்கிறாய்!"

புள்ளடி. பேனை தள்ளிப் போகும்.

இதே நாட்களில் வீட்டுக்குள் இன்னொரு போட்டிக்கும் பயிற்சி நடந்தது. அதை நடத்தியவர் அம்மா. இந்திய ஆமி வந்து ஒரு வருடம் ஆகிக்கொண்டிருந்தது. சந்தியில் மதில் சூழ்ந்த பெரிய வீடு ஒன்று முகாம் ஆகியிருந்தது. அரிசி புடைத்துக்கொண்டே அம்மா கேட்பார்.

"உன்ரை அண்ணை ஆரோடை திரியிறவன்?"

"தெரியாது."

"நேற்று உந்த ஒழுங்கையாலை ஆர் போனது?"

"தெரியாது."

"உன்ரை பேர் என்ன?"

"தெரியாது."

"எடி விசரி, பேரைச் சொல்லலாம்."

உங்கள் வீடுகளிலும் இது நடந்திருக்கும். எது கேட்டாலும் தெரியாது, காணவில்லை, நான் வீட்டுக்குள் இருந்தேன். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நடை பழக்குவதுபோல் இதைப் பழக்கினார்கள். ஒரு பக்கம் எல்லாம் தெரிந்தால் பரிசு, மறுபக்கம் ஒன்றும் தெரியாவிட்டால் உயிர். பதினொரு வயதில் எனக்கு இதில் ஒரு முரணும் தெரியவில்லை. வாசிகசாலைக்கு ஒரு வாய், வீட்டுப் படலை வாசலுக்கு ஒரு வாய் என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கும்: புகை. சுற்றிவளைப்பு வருகிறது என்ற செய்தி ஆமிக்கு முன்னால் புகையாகத்தான் வரும். ஒரு வீட்டின் பின்கோடிக்குள் யாராவது கடதாசியை எரிப்பார்கள். அதைக் கண்டு அடுத்த வீடு. பச்சைச் சட்டை, சாரணர் உடுப்போடு எடுத்த படம், புவியியல் கொப்பியில் கீறிய வரைபடம், ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று தெரியாத புகைப்படம் என்று எல்லாம் போகும். எங்கள் ஊரின் பாதி ஆல்பங்கள் அப்படித்தான் போயின.

ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும். மறுநாள் காலை அண்ணை சந்தைக்குப் புறப்பட்டார். எனக்கு வயிற்றுக் கடுப்பு, கொழுக்கட்டை கூடிப்போய்விட்டது. அதனால் நான் போகவில்லை. "வரேக்கை ஏழாமவரைக் கேப்பன்," என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கிழக்குப் பக்கத்தில் புகை எழுந்தது. பிறகு பக்கத்து வீட்டு மாமியின் கோடிக்குள். அம்மா ஓடி வந்து என் மேசையைக் கிளறினார். கொப்பி கையில் அகப்பட்டது. திறந்த இடத்தில் நான் கீறிய பதக்கம், அதன் நடுவில் சிங்கத் தலைகள், கீழே விக்டோரியா சிலுவை, ஒரு பீரங்கி.

"அம்மா, அது போட்டிக்கு!"

"உனக்குப் போட்டி, அவங்களுக்குத் துவக்கு. விடு கையை."

அடுப்புக்குள் வைத்தார். ரெக்சின் மட்டை முதலில் சுருண்டு, பிறகு தார்போல உருகி, ஒரு கரிய நாற்றம் விட்டது. அந்த நாற்றம் இரண்டு நாள் சோற்றில் இருந்தது. எட்டு மாதத்துத் திகதிகள். நான் அழுதுகொண்டு சாம்பலைப் பார்த்தபடி இருந்தேன். அன்று ஆமி எங்கள் ஒழுங்கைக்குள் வரவே இல்லை.

வந்தது மாமிதான். வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"இஞ்சாரும் பிள்ளை, உம்மடை பெடியனைச் சந்தையடியிலை மறிச்சுப்போட்டாங்களாம். சேட்டுப் பொக்கற்றிலை ஏதோ துண்டு இருந்ததாம். ஆக்களின்ரை பட்டியலாம். புள்ளடி எல்லாம் போட்டிருக்காம்."

அம்மா அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, கோபம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். "என்ரை ஒற்றை!" என்றேன்.

ஐயா தோட்டத்தில் இருந்து சேற்றுக் காலோடு முகாமுக்குப் போனார். அவருக்கு அந்த ஒற்றையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் சொல்லவும் நேரம் கொடுக்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்து முற்றத்தில் குந்தினார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"உது எங்கடை சாமான் இல்லை, பெடியன் றோட்டிலை கிடந்து எடுத்தவன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ! அவன் என்னெண்டு சொன்னவனாம்?"

"தங்கச்சியின்ரை கொப்பி ஒற்றையாம், பொது அறிவாம், ஏதோ பதக்கம் எடுத்த ஆக்களாம், பேருகள் தனக்கு நினைவில்லையாம். அப்ப அந்தக் கொப்பியைக் கொண்டு வரட்டாம், ஒற்றை அதிலை பொருந்துதோ எண்டு பாப்பமாம்." ஐயா தலையை நிமிர்த்தினார். "எங்கை கொப்பி?"

நான் அடுப்படியைக் காட்டினேன்.

"தேப்பன் ஒண்டு சொல்லுறார், மகன் ஒண்டு சொல்லுறான்," என்று ஐயா தனக்குத் தானே சொன்னார். "இனி எதை நம்புவாங்கள்?"

அந்த மாலையில் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவில்லை. அதை நான் பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். கொப்பியை எரித்தவரும் பொய் சொன்னவரும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் செய்தார்கள். இரண்டும் சேர்ந்து அவனை உள்ளே பூட்டின. எங்கள் ஊரில் அன்று எந்தத் தாயும் எரித்திருப்பாள், எந்தத் தகப்பனும் "எங்களது இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார். அப்படிப் பழகியிருந்தோம்.

அன்றிரவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை மூவரும் போனோம். அம்மா மிஞ்சிய கொழுக்கட்டைகளை வாழையிலையில் சுற்றி எடுத்தார். வழி முழுக்க என் கையைப் பிடித்தபடி, "நீ ஒண்டும் கதைக்காதை. நான் சொல்லுவன், கொப்பி துலைஞ்சு போச்சு எண்டு. உன்னைக் கேட்டால் தெரியாது. விளங்கிச்சோ?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐயா இரண்டடி முன்னால் நடந்தார்.

முகாம் வளவுக்குள் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அந்த மதிலுக்கு மேலால் கல்லெறிந்தவர்களில் நானும் ஒருத்தி. மரத்தின் கீழ் ஏழெட்டுப் பேரைத் தலையில் கை வைத்து நிற்க வைத்திருந்தார்கள். அண்ணை மூன்றாவது. சட்டைக் கை கிழிந்திருந்தது. முகம் ஒரே நாளில் ஒடுங்கிப் போயிருந்தது. எங்களைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தார்.

விறாந்தையில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் ஓர் அதிகாரி, நரைத்த மீசை. கண்ணுக்குக் கீழ் கறுத்திருந்தது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்நாட்டுச் சிப்பாய். மேசையில் கல் வைத்து அழுத்தி, என் ஒற்றை. நாலு மடிப்பும் தெரிந்தது. நான் கிறுக்கி அழித்த நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருந்தும் ஒரு காயம்போலத் தெரிந்தது.

"கொப்பி எங்கம்மா?" என்றார் சிப்பாய்.

"துலைஞ்சு போச்சு தம்பி."

அவர் அதை இந்தியில் சொன்னார். அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். அவருக்கு இந்தப் பதில் தினமும் கிடைத்திருக்க வேண்டும். ஒற்றையைத் தூக்கி என் பக்கம் திருப்பினார். சிப்பாய் குனிந்து கேட்டார்:

"பாப்பா, பயப்படாம சொல்லு. இது யாரு எழுதினது?"

அம்மாவின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது.

"தெரியாது."

"உங்கண்ணன் நீ எழுதினதுன்னு சொல்றாரே?"

"தெரியாது."

"இந்தப் புள்ளடி போட்டிருக்கே, இவங்கல்லாம் யாரு?"

"தெரியாது."

அதிகாரி ஒற்றையை மேசையில் வைத்துவிட்டு வேறொரு கட்டுக் கடதாசியை இழுத்தார். எங்கள் விசயம் முடிந்துவிட்டது. கட்டை இழுத்த விதத்தில் அது எனக்குப் புரிந்தது. ஐயா "சேர்" என்று தொடங்கினார். அதிகாரி நிமிரவில்லை.

அப்போதுதான் மாமரத்தடியில் இருந்து அந்தக் குரல் வந்தது. கெஞ்சலும் இல்லை, அழுகையும் இல்லை. சைக்கிளில் ஏறி இருக்கும்போது என் தலைக்கு மேலால் வரும் அதே குரல், அதே இழுப்பு.

"ஏழு?"

காவலுக்கு நின்றவன் ஏதோ அதட்டினான். நான் அதற்குள் வாயைத் திறந்துவிட்டேன். யோசித்துத் திறந்தேன் என்று சொன்னால் பொய். முழங்காலில் தட்டினால் கால் எழும்புவதுபோல்தான்.

"மேஜர், ஒக்ரோபர், அறுபத்திரண்டு! செத்திட்டார் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு உயிரோடை வந்தவர்!"

பெயரையும் சொன்னேன், முழுப் பெயர். அதிகாரியின் கை கட்டின்மேல் நின்றது. அவருக்குத் தமிழ் விளங்காது. அந்தப் பெயர் விளங்கியது.

அம்மாவின் நகம் என் கையை விட்டுவிட்டது. அவர் ஏழாமவரைப் பற்றி அன்றுதான் முதல்முறை கேட்கிறார். "வந்தவரோ?" என்று மிக மெதுவாக என்னிடம் கேட்டார்.

"ஓம்."

அதிகாரி காவலாளிக்குக் கையைக் காட்டினார். பிறகு ஒற்றையை எடுத்து, முதல் வரியில் விரலை வைத்து, என்னைப் பார்த்தார். கேள்வி எந்த மொழியிலும் வேண்டியிருக்கவில்லை. நான் ஒன்றில் இருந்து தொடங்கினேன். நான் சொல்லச் சொல்ல அவர் விரல் கீழே இறங்கியது. எட்டாவது பெயரை அவரும் சேர்ந்து சொன்னார். என் உச்சரிப்பு பிழை என்று திருத்துவதுபோல் இருந்தது. பதினைந்தும் முடிந்தபோது மாமரத்தடியில் நின்றவர்கள்கூட என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் புள்ளடி?" என்று சிப்பாய் கேட்டார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது.

"நான் பிழைவிட்டது. அண்ணை போட்டவர்."

"நட்சத்திரம்?"

"செத்தாப்பிறகு குடுத்தது."

அதிகாரி ஏதோ நீளமாகக் கேட்டார். "எங்க பதக்கத்தை நீ எதுக்குப் படிக்கிறேன்னு கேக்குறார்."

"போட்டியிலை கேப்பினம்."

"உங்க நாட்டுல இதுமாதிரி விருது இருக்கான்னு கேக்குறார்."

"இருக்கு. பரம வீர விபூசணய."

"எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?"

"தெரியாது," என்றேன். அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். இது உண்மையான தெரியாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

அதிகாரி சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த பேனையை எடுத்தார். பொன்னிற மூடி. அண்ணையின் பேனை! அதைத் திறந்து என் பதினைந்தாவது வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் பதினாறு என்று ஒரு வரி எழுதினார். பிறகு பதினேழு. அதை எழுதக் கொஞ்ச நேரம் எடுத்தார். முடிவில் என்னைப்போலவே ஒரு நட்சத்திரம் போட்டார்.

"உன் புத்தகம் பழசாம் பாப்பா. இப்ப பதினேழாம்."

அந்தப் பதினேழாவது எங்கே நடந்த சண்டைக்காகக் கொடுக்கப்பட்டது என்று அவர் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு ஒரு நூலகத்தில் வாசித்தேன்: எங்கள் குடாநாட்டில்தான். அந்தச் சண்டைகளில் எங்கள் ஊராட்களும் செத்தார்கள். அவர்களுக்கு நட்சத்திரம் போட ஒரு பட்டியலும் இருக்கவில்லை. அதிகாரி அந்த வரியை எழுதும்போது எதை நினைத்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. இதுவும் உண்மையான தெரியாதுதான்.

ஒற்றையை என்னிடம் நீட்டினார். பேனையைப் பழக்க தோசத்தில் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். இம்முறை அம்மாவின் கை நேராக என் வாயில்.

அண்ணை கையை இறக்கிக்கொண்டு நடந்து வந்தார். கை விறைத்து, இரண்டு முழங்கையும் மடிந்தபடியே நின்றன. சிப்பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். அம்மா அவரிடம் வாழையிலைப் பொதியை நீட்டினார்.

"சாப்பிடுங்கோ தம்பி. ஆடிப்பிறப்புக்குச் செய்தது."

அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "எங்கம்மாவும் கொழுக்கட்டை செய்யும். ஆனா வேற மாதிரி," என்றார். வாய் நிறைந்திருந்ததால் மிச்சம் விளங்கவில்லை.

வெளியே வந்து சந்தி வரை வேகமாக நடந்தோம். திரும்பியதும் ஐயா நின்று, மதிலைப் பிடித்துக்கொண்டு, பெரிதாக மூச்சு விட்டார். அம்மா றோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணை என்னைப் பார்த்து, "மூண்டு தரம் சொல்லோணும். இப்ப ஒரு தரம்தான் சரி," என்றார்.

"பேனைதான் போயிட்டுதே!"

"அது உன்ரை பிரச்சினை."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தான் போய் மரியாதையாகக் கதைத்ததால்தான் விட்டார்கள் என்று ஐயா கடைசிவரை எல்லோருக்கும் சொன்னார். நாங்கள் மறுத்ததில்லை.

போட்டி நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் நடந்தது. கடைசிச் சுற்றில் நானும் சங்கக் கடை மனேச்சரின் மகனும். மாஸ்ரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "இந்தியாவின்ரை அதியுயர் வீர விருதை இதுவரை எத்தனை பேர் பெற்றிருக்கினம்?"

"பதினேழு," என்றேன்.

மாஸ்ரர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதே கறையான் தின்ற களஞ்சியத்தில் இருந்து எடுத்த கேள்வி. "பிழை. பதினைந்து."

"பதினேழு, சேர்."

"பிள்ளை, ஆர் உனக்குச் சொன்னது?"

சபை முழுக்க என்னைப் பார்த்தது. முகாமுக்குப் போனதை வெளியில் கதைக்கக் கூடாது என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

"தெரியாது," என்றேன்.

பின்வாங்கில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். வாசிகசாலைக்காரர் அவரை வெளியே போகச் சொல்லும் அளவுக்கு. திரும்பிப் பார்த்தால் அண்ணை, ஒரு கையால் யன்னல் கம்பியைப் பிடித்தபடி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். முதற்பரிசு மனேச்சரின் மகனுக்குப் போனது. எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணை பென்சிலை எடுத்து, அதிகாரி எழுதிய பதினேழுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு புள்ளடி போட்டார்.

அந்த ஒற்றை என்னிடம் இல்லை. கொப்பிகளைச் சுமந்தேன் என்றேனே, அவற்றுக்குள் அது இருக்கவில்லை. அகராதி ஒன்றுக்குள் இருந்தது, அகராதி பாரம் என்று விட்டுவிட்டேன். 1995 ஐப்பசியில் முழு ஊரும் ஒரே வீதியால் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை. சைக்கிள், மாட்டுவண்டில், தலைச்சுமை. ஒரு அடி வைக்க ஒரு நிமிடம். எங்கோ ஒரு பாலத்தடியில் அண்ணையும் சைக்கிளும் என் கையை விட்டுப் போய்விட்டார்கள். ஐயா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். விடிந்தபோது நான் அம்மாவோடு வீதி விளிம்பில் நின்றேன். எல்லோரும் எல்லோருடைய பெயரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெயரில் ஒரு பெயரைப் பிரித்துக் கேட்க முடியாது. நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப்போனது. அம்மா கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

மத்தியானம் ஆகும்போது, சனத்துக்கு நடுவில், யாருடைய பெயரும் இல்லாத ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் போனவர்கள் விசரன் என்று நினைத்து விலகினார்கள்.

"ஏழு?... ஏழு?"

முன்சில்லுத் தடை கீச்சென்றது.

அம்மா கண்ணைத் திறந்தார். நான் வாயைத் திறக்க முன்பே, எந்தப் பொது அறிவும் தெரியாத என் அம்மா, அந்த வீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"உயிரோடை வந்தவர்!"